திவசத்தன்று போடாத மாத்திரை

எனக்குக் கோபம் மாத்திரையில்தான் வருகிறது. காலையில் கண் விழித்ததும் ஒரு முழு மாத்திரை, மத்தியானம் அரை, சாயங்காலம் அரை. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் உடம்பு கார்டிசால் என்ற ஹார்மோனைத் தானாகச் சுரப்பதில்லை. அது இல்லாதவளுக்கு எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது, கோபப்பட எங்கே போவது? அந்த மாத்திரை என் கைக்கு வருவதற்கு முன்னால் ஏழெட்டு வருடம் எனக்குக் கோபமே வந்ததில்லை. அந்த வருடங்களில்தான் எங்கள் வீட்டில் எனக்கு ரொம்ப நல்ல பெயர்.

"தங்கமான மாட்டுப்பொண்ணு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டா" என்று என் மாமியார் காளிகாட்டில் இருக்கும் தன் தங்கையிடம் போனில் சொல்வார். நான் அடுத்த அறையில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, பால்கனிக் கொடியில் காயும் துணிகளை எடுத்துவர எழுந்திருக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். நான் பேசாமல் இருந்ததற்குப் பொறுமை என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிக்க மூச்சு இருக்குமா என்பதுதான் என் கவலை.

நாங்கள் இருப்பது கல்கத்தாவில், டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், இரண்டாவது மாடி. என் கணவரின் தாத்தா காலத்திலேயே இங்கே உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். கணவர் வங்கி அதிகாரி. மாமனார் காலமாகிப் பல வருடம் ஆகிறது. கூடத்தில் பாதி பெங்காலி, பாதி தமிழ். என் மகளுக்கு முக்கால்வாசி பெங்காலி. ஆனால் சமையலறைக்குள் நுழைந்துவிட்டால் தஞ்சாவூர் ஜில்லா. ஊரைவிட்டு எவ்வளவு தூரம் வந்தார்களோ அவ்வளவு இறுக்கமாக ஆசாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மடி, தீட்டு, திவசம் எதிலும் ஒரு இம்மி குறையாது.

எல்லாம் என் மகள் பிறந்த அன்று ஆரம்பித்தது. குழந்தை நன்றாகத்தான் பிறந்தது. எனக்கு ரத்தம் நிற்கவில்லை. அது ஒரு சின்ன நர்சிங் ஹோம். எங்கிருந்தெல்லாமோ ரத்தம் வரவழைத்து ஏற்றினார்கள். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நன்றாக விழித்தபோது தலைமாட்டில் மாமியார் உட்கார்ந்திருந்தார். "கெட்ட ரத்தமெல்லாம் போயிடுத்து. இனிமே உடம்பு நன்னா தேறிடும்" என்றார். போனது நல்ல ரத்தம் என்று சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லை.

அன்று என் தலைக்குள் என்ன நடந்தது என்று எனக்கே வருடக்கணக்கில் தெரியாது. மூளைக்கு அடியில், மூக்கின் வேருக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. கர்ப்ப காலத்தில் பால் சுரக்கும் வேலைக்குத் தயாராகி அது பருத்துவிடும். பருத்ததற்கு ஏற்ப அதிக ரத்தம் வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து ரத்தம் கொட்டி, ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால், முதலில் பட்டினி கிடப்பது அந்தப் பட்டாணிதான். என்னுடையதில் பெரும்பகுதி அன்றே செத்துப்போனது. வெளியே ஒரு காயமும் தெரியாது. குழந்தையோடு வீட்டுக்கு வந்து ஆரத்தி எடுத்துக்கொண்டேன்.

பால் வரவில்லை. பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தார்கள். வெந்தயக் கஞ்சி கொடுத்தார்கள். கீழ்வீட்டு பெங்காலிப் பெரியம்மா, எங்களுக்கு மாஷிமா, கருஞ்சீரகத்தை அரைத்துச் சோற்றில் பிசைந்து, எங்கள் ஆசாரத்தைக் கண்டுகொள்ளாமல், மாடிப்படி ஏறி வந்து ஊட்டிவிட்டுப் போனார். ஒன்றும் பலிக்கவில்லை. "சில பேருக்குப் பால் குடுக்க மனசு வராது. மனசு வந்தாத்தானே மார்ல வரும்" என்று மாமியார் சுவரைப் பார்த்துச் சொன்னார். பாலைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன் பிட்யூட்டரியிலிருந்து வர வேண்டும். கட்டளை போட ஆளே இல்லாத இடத்தில் பூண்டு என்ன செய்யும், மனசுதான் என்ன செய்யும்? குழந்தை டப்பாப் பாலில் வளர்ந்தது. வந்தவர் போனவர் எல்லோரும் அந்த டப்பாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாதவிலக்கும் திரும்ப வரவில்லை. முப்பது வயதுகூட ஆகாத பெண்ணுக்கு அது நின்றுபோனால் ஒரு வீடு பதற வேண்டாமா? எங்கள் வீட்டில் ஒருவரும் பதறவில்லை. மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி உட்காராத மாட்டுப்பெண் கிடைத்தால் மடிச் சமையலுக்கு எவ்வளவு சௌகரியம்! பண்டிகையா, திவசமா, எந்தத் தேதியில் வந்தாலும் நான் தயார். என் உடம்பில் ஒரு பாகம் செத்துப்போனது அவர்களுக்கு ஏற்பாட்டுக்கு வசதியாக இருந்தது.

கல்கத்தா வெயிலில் எல்லோரும் விசிறியைத் தேடும்போது எனக்குக் குளிரும். சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புருவத்தின் ஓரம் உதிர்ந்தது. முகம் வெளுத்து ஊதிற்று. படி ஏறினால் இரண்டு தடவை உட்கார வேண்டும். வீட்டுக்கு வழக்கமாக வரும் டாக்டரிடம் போனோம். கூடவே வந்த மாமியார்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். பிரசவம் எப்படி இருந்தது என்று அவரும் கேட்கவில்லை; ஆண் டாக்டரிடம் அதையெல்லாம் எடுத்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இல்லை. தைராய்டாக இருக்கும் என்று டி.எஸ்.எச். பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தது. "நார்மல்" என்றார். விட்டமின் மாத்திரை எழுதினார். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு என் வீடு எத்தனை வருடம் ஓட்டியது தெரியுமா? "டாக்டரே நார்மல்னுட்டார். எல்லாம் சோம்பல்."

டி.எஸ்.எச். என்றால் என்ன என்று பிறகு நான் என் கணவருக்கு அவருடைய பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன். பிட்யூட்டரி ஹெட் ஆபீஸ். கழுத்தில் இருக்கும் தைராய்டு ஒரு கிளை. டி.எஸ்.எச். என்பது "வேலை செய், வேலை செய்" என்று ஹெட் ஆபீஸ் அனுப்பும் சர்க்குலர். பொதுவாக எல்லோருக்கும் வரும் தைராய்டு கோளாறில் கிளைதான் படுத்துவிடுகிறது. ஹெட் ஆபீஸ் பதறிப்போய்ச் சர்க்குலருக்கு மேல் சர்க்குலர் அனுப்புகிறது. டி.எஸ்.எச். ஏறும். அதைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்துவிடலாம். என் விஷயத்தில் கிளை நன்றாக இருக்கிறது, ஹெட் ஆபீஸ்தான் எரிந்துபோய்விட்டது. கூடுதலாக அனுப்ப ஆள் எங்கே? அரைகுறையாக ஏதோ வந்துகொண்டிருந்தது, அந்த எண்ணிக்கையைப் பார்த்து நார்மல் என்றார்கள். கிளையில் உண்மையில் வேலை நடக்கிறதா என்று தெரிய தைராய்டு ஹார்மோனையே அளந்திருக்க வேண்டும். அளக்கவில்லை. என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லா எக்ஸ்ப்ளெய்ன் பண்றே" என்றார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தோன்றியது.

உண்மை வெளிவந்தது காளிகாட் மெட்ரோ படிக்கட்டில். பாதிப் படியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கூட்டம் கூடிவிட்டது. கணவருக்கு அவமானமாகப் போய்விட்டது, அந்த அவமானத்தில் என்னை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப்போனார். மாமியார் அன்று காளிகாட்டில் தங்கை வீட்டில் இருந்தார். அதனால் பதில் சொல்லும் வேலை எனக்கே கிடைத்தது. அந்த டாக்டர் என் வயதுப் பெண். என் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா, பால் வந்ததா, அதற்குப் பிறகு மாதவிலக்கு வந்ததா என்று கேட்டார். நிறையப் போனது, வரவில்லை, வரவேயில்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பரிசோதனை எல்லாம் அப்புறம்தான் நடந்தது. வீடு முழுக்கத் தினமும் பேசி என்னைக் குத்திய விஷயங்கள்தான் அந்த மூன்றும். எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூட அதை ஒரு டாக்டரிடம் வாய் திறந்து சொல்லவில்லை.

அவர் இரண்டு மருந்து எழுதினார். முதலில், ஹெட் ஆபீஸ் சொல்லாமல் சுரக்காத கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன், சில நாள் கழித்துத்தான் தைராய்டுக்குத் தைராக்ஸின். வரிசை மாறக்கூடாது என்றார். தைராக்ஸின் உடம்பின் அடுப்பைத் தூண்டிவிடும்; கார்டிசால் இல்லாத உடம்பில் அடுப்பை மட்டும் தூண்டினால் மிச்சம் மீதி இருப்பதும் தீர்ந்து ஆள் விழுந்துவிடுவாள். ஜுரம் வந்தால் ஹைட்ரோகார்டிசோனை இரண்டு மடங்கு போட வேண்டும், ஏனென்றால் நல்ல உடம்பு அப்போது தானாகவே கூடுதலாகச் சுரக்கும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஊசி. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு வேளைகூட விடக்கூடாது. இதையெல்லாம் என் கணவரைப் பார்த்தும் ஒருமுறை சொன்னார். அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு ஈடு கிடையாது.

மாத்திரை ஆரம்பித்த சில நாளிலேயே உடம்பில் ஏதோ திறந்துகொண்டது. பசித்தது. பாட்டு முணுமுணுக்கத் தோன்றியது. ஒரு காலை, "காபி ஆறிடுத்து" என்று மாமியார் டம்ளரைத் திருப்பி வைத்தபோது, "அடுப்பு அங்கேதான் இருக்கு" என்றேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் பேப்பரைத் தாழ்த்திவிட்டார். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அன்று சாயங்காலம் தங்கைக்குப் போன்: "ஸ்டீராய்டாம். சாப்பிட ஆரம்பிச்சதும் வாய் நீண்டுடுத்து." ஆமாம், நீண்டுவிட்டது. அது எப்போதும் இருந்த நீளம்தான். கல்யாணத்துக்கு முன்னால், நான் வளர்ந்த கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது.

மாமியாருக்கும் தைராய்டு உண்டு. எல்லோருக்கும் வருகிற சாதாரண வகை. பல வருடமாகத் தைராக்ஸின் சாப்பிடுகிறார். தைராக்ஸினில் ஒரு தாராளம் இருக்கிறது: போட்ட மருந்து ஒரு வாரம்போல ரத்தத்தில் தங்கும். ஒரு நாள் விட்டால் உடம்புக்குத் தெரியவே தெரியாது. ஹைட்ரோகார்டிசோன் அப்படி இல்லை. சில மணி நேரத்தில் கரைந்து காணாமல் போய்விடும். அதனால்தான் நாளுக்கு மூன்று வேளை. இந்த வித்தியாசத்தை நான் வீட்டில் சமைக்கும்போது சொல்லியிருக்கிறேன், சாப்பிடும்போது சொல்லியிருக்கிறேன், சண்டையிலும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. தைராய்டு. "அவளுக்கும் தைராய்டு, எனக்கும் தைராய்டு." முடிந்தது.

மாமனாரின் திவசம் ஆனி மாதத்தில் வரும். மழை சரியாகப் பிடிப்பதற்கு முன்னால் கல்கத்தா வேகும் நாட்கள். அந்த வருடம் முந்தைய நாளே எனக்கு ஜலதோஷம், சாயங்கால மாத்திரை போட்ட பிறகு உடம்பு லேசாகச் சுட்டது. திவசத்தன்று சீக்கிரம் எழுந்து, குளித்து, யாரும் தொடாமல் உலர்த்திய மடிசாரைக் கட்டிக்கொண்டேன். மாத்திரை படுக்கையறை அலமாரியில் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பினேன்.

"எங்க போறே? மடியோட அந்த ரூமுக்குள்ள போகாதே" என்றார் மாமியார்.

"மாத்திரை போட்டுக்கணும்மா."

"திவசத்தன்னிக்கு சமைக்கறவா, பிராமணா சாப்பிட்டு எழுந்துக்கற வரைக்கும் பச்சைத் தண்ணிகூட வாயில விடப்படாது. தெரியாதா உனக்கு? மத்தியானம் போட்டுக்கோ."

"இதை அப்படி விடக்கூடாது. நேத்தே ஜுரம் வேற."

"ஏன், எனக்கும்தான் தைராய்டு. ஒரு வருஷமாவது திவசத்தன்னிக்கு மாத்திரை போட்டுண்டிருக்கேனா? எனக்கு என்ன ஆயிடுத்து இப்போ?"

நான் கணவரைப் பார்த்தேன். ஹார்மோன் டாக்டர் சொன்னதைத் தன் காதால் கேட்டவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அவர் தர்ப்பையை எண்ணிக்கொண்டிருந்தார். "கொஞ்ச நேரம்தானே. இன்னிக்கு ஒரு நாள் சண்டை வேண்டாமே" என்றார்.

ஏன் கேட்டாய், ஏன் மீறிப் போய்ப் போட்டுக்கொள்ளவில்லை என்று என் சிநேகிதிகள் கேட்கிறார்கள். இதைத்தான் அவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. முந்தைய சாயங்காலத்து அரை மாத்திரை எப்போதோ தீர்ந்துவிட்டது. ஜுரம் மிச்சத்தையும் தின்றுவிட்டது. விடியும்போது என் உடம்பில் அந்த ஹார்மோன் துளியும் இல்லை. சண்டை போட வேண்டிய நேரத்தில் சண்டை போடுவதற்கான சரக்கு கையில் இல்லை. அந்த ஒரு காலை நான் மறுபடியும் அந்தப் பழைய தங்கமான மாட்டுப்பெண். போய் வாழைக்காய் நறுக்க உட்கார்ந்தேன்.

மந்திரம் சொல்லிவைக்கும் வாத்தியாருக்கு அன்று வேறொரு வீட்டிலும் திவசம். தாமதமாக வந்தார். நான் பாகற்காய் வதக்கினேன், மிளகு அரைத்தேன், எள்ளுருண்டை பிடித்தேன். அதிரசம் தட்டும்போது மாவு இரண்டு இரண்டாகத் தெரிந்தது. வியர்வை நின்று, உடம்பு சில்லிட்டது. கூடத்தில் மந்திரம் கேட்டது, இலை போட்டாயிற்று என்று மாமியாரின் குரல் கேட்டது. வடையை எடுத்துக் கொடுக்க எழுந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது தரையின் குளிர்ச்சி.

முழு நினைவும் போய்விடவில்லை. அதுதான் கொடுமை. காது கேட்டது. சமையலறை வாசலுக்கு நேரே கூடத்தில் கணவர் தர்ப்பைப் பவித்திரம் போட்ட விரலோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பிராமணர்கள் சாப்பிடும்போது திவசம் செய்யும் கர்த்தா எழுந்திருக்கக்கூடாது, பேசக்கூடாது. அவர் எழுந்திருக்கவும் இல்லை, பேசவும் இல்லை. இலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மாமியார் என் முகத்தில் தண்ணீர் தெளித்து, தலைக்கு ஒரு பலகையை வைத்து, "பித்ருக்கள் உக்காந்துண்டிருக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோடீ" என்றார். அப்புறம் என்னைத் தாண்டிப்போய், இன்னொரு தடவை வடை பரிமாறினார். கேட்டுக்கொண்டு கிடந்தேன். பாயசம் போயிற்று. மோர் போயிற்று.

நான் விழுந்த சத்தம் கீழே கேட்டிருக்கிறது. மாஷிமா மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். மாமியார் வாசலிலேயே மடக்கி, பூஜை நடக்கிறது, உள்ளே வரக்கூடாது என்று பெங்காலியில் சொன்னார். மாஷிமா அவரைத் தள்ளிக்கொண்டு செருப்புக் காலோடு சமையலறைக்குள் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார். "மேயேட்டா மொரே ஜாச்சே!" என்று கத்தினார். பொண்ணு செத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அந்தக் கத்தலுக்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் ஒரு டாக்ஸி தேவைப்பட்டது. என்னைத் தூக்கி இறக்கியது கீழ்வீட்டுக்காரர்கள். கணவர் பிராமணர்களுக்குத் தாம்பூலம் கொடுத்து அனுப்பிவிட்டுப் பின்னால் வேறொரு வண்டியில் வந்தார். மாமியாரை அழைத்துவந்ததும் அவர்தான்.

எமர்ஜென்சியில் இளவயது டாக்டர் ஒருவர். ரத்த அழுத்தம் கருவியில் பதியவே இல்லை, சர்க்கரை அடிமட்டம். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். கணவர் இரண்டு பெயரையும் சரியாகச் சொன்னார். அந்த மட்டில் ஞாபகம் இருந்தது. இன்று காலை சாப்பிட்டாரா என்று கேட்டார் டாக்டர்.

"ஹ்யா, ரோஜ் காய்" என்றார் என் கணவர். ஆமாம், தினமும் சாப்பிடுகிறாள்.

நான் அங்கேயே படுத்திருக்கிறேன். என் நாக்கு அசையவில்லை. ஆயுள் முழுக்க இவரோடு சண்டை போடச் சேர்த்துவைத்த வார்த்தைகளில் ஒன்றும் வெளியே வரவில்லை. மாத்திரை போட்டிருக்கிறாள் என்றால் டாக்டர் வேறு காரணம் தேட வேண்டும். அவர் இதயத்தைப் பார்க்கலாம் என்று நர்ஸிடம் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லத் திரும்பினார்.

"நா" என்று மறுத்தது ஒரு குரல். மாமியார். மடிப் புடவையோடு, நெற்றியில் விபூதியோடு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆஜ் காய்னி. ஆமி கேதே தியினி." இன்றைக்குச் சாப்பிடவில்லை, நான்தான் சாப்பிட விடவில்லை. அதோடு நிறுத்தவில்லை. நேற்று சாயங்காலத்துக்கு அப்புறம் ஒன்றும் சாப்பிடவில்லை, தண்ணீர்கூட இல்லை, நேற்றே ஜுரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கணவர் "அம்மா" என்று அடக்கப் பார்த்தார். "என்னடா அம்மா? கேக்கறார், சொல்றேன்" என்றார்.

டாக்டர் ஈ.சி.ஜி.யை விட்டுவிட்டு ஹைட்ரோகார்டிசோன் ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டார். குளுக்கோஸும் சலைனும் ஓடின. கொஞ்ச நேரத்தில் மேலே சுற்றும் மின்விசிறியின் இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு கை சூடானது. பிறகு, சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, கோபம் வந்தது. கால் கட்டைவிரலிலிருந்து உச்சந்தலைவரைக்கும் வந்தது. அழுதேன். துக்கத்தில் இல்லை. உயிர் வந்துவிட்டது என்பதற்கு எனக்கு இருந்த அடையாளம் அது ஒன்றுதான்.

"ஏன் பொய் சொன்னேள்?" நான் பேசிய முதல் வார்த்தையே அதுதான்.

கணவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மாவை எப்படிக் காட்டிக்குடுக்கறது? நம்மாத்து ஆசாரம் இந்த ஆஸ்பத்திரிக்காராளுக்கு என்ன புரியும்? அசிங்கமா நினைப்பா."

அசிங்கமாக நினைப்பார்களாம். நான் செத்திருந்தால் கௌரவமாக நினைத்திருப்பார்கள். மாமியாருக்கு ஒரு ஆசாரம் இருந்தது. தப்போ சரியோ, அதை நம்பினார். அதற்காக என்னைத் தரையில் போட்டுவிட்டு வடை பரிமாறினார். அதை நான் மறக்க மாட்டேன். இந்த மனிதருக்கு எதில் நம்பிக்கை? திவசத்திலா, டாக்டரிலா, என்னிலா? யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது என்பதில் மட்டும்தான். அந்த ஒரு ஆசாரத்துக்கு என்னைப் பலி கொடுக்க இருந்தார்.

மாமியார் ஏன் உண்மையைச் சொன்னார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பயம் என்று முதலில் நினைத்தேன், அது இல்லை. பச்சாதாபமும் இல்லை, இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. தான் செய்தது சரி என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை, அதனால் மறைக்கத் தோன்றவில்லை என்றுதான் படுகிறது. கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான். அவர் மனதில் வேறு ஏதாவது இருந்திருந்தால் அதை அவரே சொல்லட்டும். நான் தேடி எடுத்துத் தரமாட்டேன்.

அடுத்த அமாவாசைக்கு வாத்தியார் வந்தார். எனக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கணவர் மழுப்பினார், நான் முன்னால் வந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். வாத்தியார் கண்ணை அகல விரித்தார். "மருந்துக்கு தோஷமே கிடையாதேம்மா! எல்லா விரதத்துக்கும் அது விலக்கு. நானே அன்னிக்கு சுகர் மாத்திரையைப் போட்டுண்டு, ஒரு டம்ளர் பாலும் குடிச்சுட்டுத்தானே வந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சொம்பு கீழே போயிற்று. கேட்டிருக்கலாமாம்! நான் விழுந்த சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்டது, இவர் பக்கத்துக் கூடத்தில் உட்கார்ந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா, உள்ளே என்ன விழுந்ததுன்னு" என்றேன். அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்துக்கொண்டார். மாமியார் மட்டும் அசையாமல் நின்றார். பல வருடமாகத் திவசத்தன்று தானும் மாத்திரை போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர் அவர். பால் குடித்துவிட்டு வந்தேன் என்று சொன்ன வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

இந்த வருடமும் ஆனி வந்தது, திவசமும் வந்தது. மாத்திரை டப்பாவை முந்தைய நாளே சமையலறை அலமாரியில், புளி ஜாடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. விடிந்ததும் குளித்து, மடிசார் கட்டி, அடுப்புக்கு முன்னால் நின்று, ஹைட்ரோகார்டிசோனை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். ஒரு டம்ளர் முழுக்க, சத்தம் கேட்கிற மாதிரி. மாமியார் உரலடியில் எள்ளை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மாத்திரையை அவர் போட்டுக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

வாத்தியார் வந்ததும் கூடத்தில் கணவரின் குரல் கேட்டது. "இந்த வருஷம் கவலையில்லை மாமா. மாத்திரை போட்டுண்டுட்டா."

வாழைக்காய் நறுக்குவதை நிறுத்தினேன். "நீங்க பாத்தேளா?" என்று இங்கிருந்தே கேட்டேன்.

அவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர். சமையலறைப் பக்கம் வரவே இல்லை.

"அவன் எங்க பாத்தான்?" என்றார் மாமியார், எள்ளிலிருந்து தலையை எடுக்காமல். "நான் பாத்தேன். போட்டுண்டா."

நான் வாழைக்காயை மறுபடி எடுத்தேன். கைக்கு நல்ல பலம் இருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி, வாத்தியாருக்கும் கேட்கும்படி, என் கணவரிடம் சொன்னேன்: இனிமேல் நான் எங்கே விழுந்தாலும் நீங்கள் வண்டியைக் கூப்பிடுங்கள், பணத்தைக் கட்டுங்கள், வெளியே உட்கார்ந்திருங்கள். டாக்டரிடம் பேச உங்கள் அம்மா உள்ளே வரட்டும்.